விமானம் தரையில் நின்றுவிட்டால் விமானி என்ன செய்வார்?



படிவம் நான்கில் 'எனது இலட்சியம்' என்று தலைப்புக் கொடுத்தால், முப்பது பேரில் மூன்று பேராவது விமானி ஆவேன் என்று எழுதிவிடுவார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, மேகத்துக்கு மேலே பறப்பது, அம்மா அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது. நான்கு பத்தி முடிந்தது. அந்த வேலை ஒரு நாள் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று யாரும் எழுதியதில்லை. நானும் 2020 வரைக்கும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு மே மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் புலனத்தில் செய்தி அனுப்பினார். 2012-இல் எஸ்.பி.எம். எழுதியவர். விமானப் பயிற்சிப் பள்ளி முடித்து, வேலை கிடைக்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2018-இல்தான் ஒரு நிறுவனத்தில் இளநிலை விமானியாகச் சேர்ந்தார். "டீச்சர், என்னை நோ-பே லீவுல போட்டுட்டாங்க. எப்ப திரும்பக் கூப்பிடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியல. லோன் இருக்கு. நான் வேற என்ன வேலைக்குப் போகலாம்?"

தமிழ் இலக்கணத்தில் சந்தேகம் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்காகத் தேடிப் படித்ததும், பிறகு அவரே எனக்குக் கற்றுக்கொடுத்ததும்தான் இந்தக் கட்டுரை. தொழில், பொருளாதாரம், வேலையின்மை தொடர்பான கருத்து விளக்கக் கட்டுரைகளுக்கு இதிலிருந்து சான்றுகள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

மாணவர்கள் எல்லாவற்றையும் 'வேலை போய்விட்டது' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஊதியமில்லாக் கட்டாய விடுப்பு வேறு, ஆட்குறைப்பு வேறு, பணிநீக்கம் வேறு.

ஊதியமில்லாக் கட்டாய விடுப்பில் ஒருவர் இன்னமும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். சம்பளம் மட்டும் வராது, அல்லது பாதி வரும். ஆங்கிலத்தில் ஃபர்லோ என்பது ஏறக்குறைய இதைத்தான். ஆட்குறைப்பு என்றால் நிறுவனத்துக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை, அதனால் ஆளை அனுப்புகிறார்கள். பணிநீக்கம் என்பது பொதுவாக ஊழியர் செய்த தவற்றுக்காக நடப்பது. விடைத்தாளில் இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால் மொழிப்பிழை என்று ஒரு கோடு போடுவோம், அவ்வளவுதான். வாழ்க்கையில் மாற்றிப் போட்டால் பணமே கைக்கு வராது.

எப்படி என்று பாருங்கள். நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, பெர்கேசோவின் கீழ் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலையை இழந்தவர் 60 நாளுக்குள் விண்ணப்பித்தால் ஆறு மாதம் வரைக்கும் உதவித்தொகை கிடைக்கலாம். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 விழுக்காடு என்பது அதன் அடிப்படை விகிதம். ஆனால் 'வேலையை இழந்தவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டாய விடுப்பில் இருப்பவர் வேலையை இழக்கவில்லை. ஆகவே அவருக்கு இந்தத் தொகை கிடையாது. 2020-இல் விடுப்பில் இருந்தவர்களுக்கென்று அரசாங்கம் மாதம் 600 ரிங்கிட் கொடுத்தது. அதுவும் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான். பெரும்பாலான விமானிகள் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். "சம்பளமும் இல்ல, உதவியும் இல்ல, ஆனா கணக்குப்படி நான் இன்னும் பைலட்" என்றார் என் மாணவர்.

சரி, ஆட்குறைப்பே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் காப்புறுதித் தொகையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020-இல் அது 4,000 ரிங்கிட், இப்போது 6,000. இன்றைய வரம்பில் கணக்குப் போட்டாலும் ஆறு மாதத்துக்கும் சேர்த்து சுமார் 16,000 ரிங்கிட்தான் வரும். 15,000 ரிங்கிட் சம்பளம் வாங்கிய கேப்டனுக்கும் அதே தொகைதான். அனுப்பியது நியாயமில்லை என்று தோன்றினால், 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம். அதற்கும் 60 நாள்தான் கெடு. அதிர்ச்சியில் ஒரு மாதம், வெட்கத்தில் ஒரு மாதம் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு கெடுவும் ஓடிவிடும். பெற்றோர் யாராவது இந்த நிலையில் இருந்தால் மாணவர்களே, இந்த 60 என்ற எண்ணை அவர்களிடம் சொல்லுங்கள்.

உரிமத்துக்கும் ஆயுள் உண்டு

நம் டிப்ளோமா சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் அது சாகும்வரை செல்லும். பத்து வருடம் கற்பிக்காமல் இருந்தாலும் யாரும் அதைப் பறிக்க மாட்டார்கள். விமானியின் தகுதி அப்படி இல்லை. அது பால் மாதிரி, வைத்திருந்தால் கெட்டுவிடும்.

பயணிகளை ஏற்றிப் பறக்கும் விமானி கடந்த 90 நாளில் குறைந்தது மூன்று முறையாவது விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை. முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதோடு 'டைப் ரேட்டிங்' என்று ஒன்று உண்டு. அதாவது, ஒருவர் எந்த வகை விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றாரோ அந்த வகையை மட்டுமே ஓட்டலாம். போயிங் 737 ஓட்டிய கேப்டன், இருபது வருட அனுபவம் இருந்தாலும், ஏர்பஸ் ஏ320-இல் போய் உட்கார்ந்து ஓட்ட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனிச் சோதனை, தனிச் செலவு.

வேலையில் இருக்கும்வரை இவற்றையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். விடுப்பில் போனதும் பெரும்பாலும் சொந்தப் பணம். ஆகவே வேலை நின்ற விமானியின் முன்னால் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: ஒன்று உரிமத்தின் கடிகாரம், மற்றொன்று சேமிப்பின் கடிகாரம். எந்த வேலைக்குப் போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இரண்டில் எது முதலில் நிற்கும் என்று அவர் கணக்குப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் காசு இருக்கிறது, நிறுவனமும் திரும்பக் கூப்பிடும் நிலையில் இருக்கிறது என்றால் உரிமத்தைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். காசும் இல்லை, நிறுவனமும் தள்ளாடுகிறது என்றால், மருத்துவச் சான்றை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியிருக்கும். விட்டதைப் பின்னால் பயிற்சி எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். உடம்பில் குறை வந்துவிட்டால் பணம் கட்டியும் பயனில்லை.

கடன் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் பயிற்சி விமானியாகி உரிமம் எடுக்க மூன்று இலட்சம் ரிங்கிட்டையொட்டிச் செலவாகும். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த தோட்டப்புறக் குடும்பங்கள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வங்கிக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. இ.பி.எஃப். இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்கவும் அனுமதித்தார்கள். மூச்சு விட அது உதவியது. அக்டோபரில் தவணை மறுபடியும் வாசலில் வந்து நின்றது. விமானம் இன்னும் தரையிலேயே நின்றது.

விமானத்தை விட்டு அதிக தூரம் போகாத வேலைகள்

அந்த ஆண்டு பயணிகள் விமானங்கள் முடங்கியபோதும் சரக்கு விமானங்கள் நிற்கவில்லை. கையுறை, மருந்து, மின்னணுப் பொருள் எல்லாம் பறந்துகொண்டுதான் இருந்தன. நம் நாட்டிலும் மாஸ் கார்கோ, ராயா ஏர்வேஸ் போன்ற சரக்கு நிறுவனங்கள் உண்டு. டைப் ரேட்டிங் பொருந்திவந்தால் அது முதல் கதவு. ஆனால் சின்னக் கதவு. நூறு பேர் முட்டினால் இரண்டு பேர் உள்ளே போகலாம்.

அடுத்தது கற்பிக்கும் வேலை. சிமுலேட்டர் பயிற்றுநர், பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். சிப்பாங்கில் சிமுலேட்டர் மையம் இருக்கிறது, மலாக்கா பத்து பெரண்டாமில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இதற்கும் பயிற்றுநர் தகுதி என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும். நன்றாக விமானம் ஓட்டுபவர் எல்லாரும் நன்றாகக் கற்பித்துவிட முடியாதே! இதை நாம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

விமான நிறுவனங்களின் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டு அறை, பயணத் திட்டம் போடும் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு ஆகியவற்றிலும் விமானிகளுக்கு இடம் உண்டு. மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.-இல் பறப்புச் செயல்பாடுகளைச் சோதிக்கும் ஆய்வாளர் வேலை இருக்கிறது. இது ஏன் முக்கியம் தெரியுமா? 2019 நவம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மலேசியாவின் பாதுகாப்புத் தரத்தை முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. ஒரு நாட்டின் கண்காணிப்பு அமைப்பில் தொழில்நுட்ப அறிவு, பயிற்சி பெற்ற ஆட்கள், சோதனை முறைகள் போன்றவற்றில் குறை இருந்தால்தான் இப்படி இறக்குவார்கள். 2022 அக்டோபரில்தான் மீண்டும் முதல் பிரிவு கிடைத்தது. அனுபவமுள்ள விமானி ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் நாட்டுக்கு எவ்வளவு பயன் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

டிரோன் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நம் ஜோகூரில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கா பஞ்சம்? மருந்து தெளிக்க, மரங்களைக் கணக்கெடுக்க டிரோன்கள் வந்துவிட்டன. ஆனால் விமானி உரிமம் இருக்கிறது என்பதற்காக டிரோனைத் தூக்கிப் பறக்கவிட முடியாது. அதற்குத் தனிச் சான்றும் அனுமதியும் வேண்டும். ஹெலிகாப்டரும் அப்படித்தான், தனி உரிமம்.

வெளிநாட்டுக்குப் போவதைப் பற்றிச் சொல்லும்போது இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் கதையைச் சொல்ல வேண்டும். பல மாதம் சம்பளப் பாக்கி வைத்து, 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி அந்த நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. அதன் விமானிகளில் போயிங் 737 ஓட்டியவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: ஸ்பைஸ்ஜெட் அதே வகை விமானங்களை எடுத்துக்கொண்டு ஆட்களையும் சேர்த்தது. இண்டிகோவுக்குப் போக நினைத்தவர்கள் ஏர்பஸ்ஸுக்கு மாற வேண்டியிருந்தது. திறமை ஒன்றுதான், ஓட்டிய விமானத்தின் பெயர் வேறு. அடுத்த வருடமே கோவிட் வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களையும் அசைத்துப் பார்த்தது.

நம் நாட்டிலும் இரட்டை அடி வாங்கியவர்கள் உண்டு. 2022 டிசம்பரில் மைஏர்லைன் என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியபோது, கோவிட் காலத்தில் வேலை இழந்த பலருக்கு அது மறுவாழ்வாகத் தெரிந்தது. 2023 அக்டோபர் 12-ஆம் தேதி அதுவும் திடீரென்று சேவையை நிறுத்திவிட்டது. பத்தே மாதம்!

சீருடை இல்லாமல் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் என் மாணவர் ரொம்ப நாள் தடுமாறினார். வேலை விண்ணப்பத்தில் 'விமானம் ஓட்டத் தெரியும்' என்று எழுதினால் கிடங்கு மேலாளருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆனால் விமானி செய்வதைப் பிரித்துப் பாருங்கள். சரிபார்ப்புப் பட்டியலை ஒரு நாளும் விடாமல் வாய்விட்டுப் படித்துச் செய்வது. நேரம் குறைவாக இருக்கும்போது பதறாமல் எது முதல், எது இரண்டாவது என்று முடிவெடுப்பது. மேலதிகாரி தவறு செய்தால் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்வது. கடைசியாகச் சொன்னது சும்மா வந்த பழக்கம் இல்லை. 1977 மார்ச் 27-ஆம் தேதி தெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதை காலியாகிவிட்டதா என்று விமானி அறையில் எழுந்த சந்தேகத்தை மூத்த கேப்டன் காதில் போட்டுக்கொள்ளாமல் விமானத்தைக் கிளப்பியதும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் குழுவாகப் பேசி முடிவெடுக்கும் பயிற்சி உலகம் முழுவதும் விமானிகளுக்குக் கட்டாயமாக வளர்ந்தது. மருத்துவத் துறை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென்று 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் அதுல் கவாண்டே விமானத் துறையிலிருந்து எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

ஆகவே இந்தத் திறன் விலைபோகும். நம் பெங்கெராங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்திலும், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திலும் பாதுகாப்பு வேலை என்பது சரிபார்ப்புப் பட்டியல் வேலைதான். நியோஷ் நிறுவனத்தின் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி பயிற்சியை முடித்து அந்தப் பக்கம் போகலாம். நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்த விரும்பினால் எச்.ஆர்.டி. கார்ப் வழியாகப் பயிற்றுநர் சான்று எடுக்கலாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மாணவர்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். எஸ்.பி.எம். முடித்துவிட்டு நேராகப் பயிற்சிப் பள்ளிக்குப் போன விமானியிடம் பட்டம் இருக்காது. விமானத்துக்குள் யாரும் அதைக் கேட்பதில்லை. வெளியே வந்தால் எல்லா விண்ணப்பப் பாரத்திலும் முதல் கட்டமே அதுதான். என் மாணவர் பத்துப் பதினைந்து இடத்துக்கு எழுதிப் போட்டு, பாதிக்கு மேல் பதிலே வரவில்லை என்றார். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மலேசியத் தகுதி முகவாண்மையின் அப்பெல் என்ற முறையில், 21 வயதைத் தாண்டியவர் தன் வேலை அனுபவத்தைக் காட்டி, சோதனையில் தேறி, இளங்கலைப் படிப்பில் சேரலாம். விடுப்பில் வீட்டில் இருக்கும் காலத்தை இதற்குப் பயன்படுத்தியவர்கள் பின்னால் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

கேப்டன் கார்னர்

2020 நவம்பரில் சுபாங் ஜெயாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் படம் முகநூலில் சுற்றியது. வெள்ளைச் சீருடை, கேப்டன் தொப்பி, இடுப்பில் சிவப்பு ஏப்ரன். மலிண்டோ ஏர் 2,000-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பிய சமயத்தில் வேலை இழந்த கேப்டன் அஸ்ரின் முகமட் ஸவாவி, 'கேப்டன் கார்னர்' என்று பெயர் வைத்துக் கறி மீயும் லக்சாவும் விற்கத் தொடங்கியிருந்தார். உலகச் செய்தி நிறுவனங்கள் வரைக்கும் எழுதின.

இந்தப் படத்தை வகுப்பில் காட்டினால் மாணவர்கள் உடனே "பாவம்" என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. அவர் சீருடையை மறைக்கவில்லை, விளம்பரமாகப் போட்டுக்கொண்டார். இருபது வருடம் சம்பாதித்த பெயரைக் கடைக்கு முதலீடாக வைத்தார். இதை 'விடாமுயற்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்து எழுதாமல், அவர் எதைக் கையில் வைத்திருந்தார், எதை இழந்தார், எதைப் புதிதாகக் கற்றார் என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கட்டுரை தானாக நீளும்.

அதே சமயம், எல்லாரும் கடை போட்டால் பிழைத்துவிடலாம் என்றும் எழுதிவிடக் கூடாது. படம் பரவிய கடை ஒன்று. யாரும் படம் எடுக்காத கடைகள் எத்தனையோ. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் விமானப் பணியாளர்களை மருத்துவமனைகளில் உதவியாளர்களாக அனுப்பினார்கள். நிறுவனமும் மருத்துவமனையும் பேசி ஏற்பாடு செய்ததால் அது நடந்தது. தனிமனிதர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதும் என்ற வாதத்தை மாணவர்கள் எழுதும்போது, இந்த எதிர்ச்சான்றை நான் ஓரத்தில் குறித்துக் கொடுப்பேன்.

என் மாணவரின் கதையைக் கேட்பீர்கள். செனாய் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தார், பொட்டலம் பிரிக்கும் வேலை. மோட்டார் சைக்கிளை விற்று மருத்துவச் சான்றைப் புதுப்பித்தார். டைப் ரேட்டிங்கை விட்டுவிட்டார், அதற்குப் பணம் இல்லை. 2022-இல் எல்லை திறந்த பிறகு நிறுவனம் கூப்பிட்டது. சிமுலேட்டரில் மறுபடியும் முதலிலிருந்து சோதனை. தேறிவிட்டார். அப்பெல் வழியாகச் சேர்ந்த படிப்பை மட்டும் இன்னும் விடவில்லை.

போன வருடம் எங்கள் பள்ளிக்கு வந்து படிவம் ஐந்து மாணவர்களிடம் பேசினார். நான் எதிர்பார்த்தபடியே முதல் கேள்வி எந்த விமானம், எவ்வளவு உயரம் என்று வந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், சம்பளம் இல்லாம எத்தனை மாசம் இருந்தீங்க?" என்று கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணினார். "இருபத்திரெண்டு," என்றார். அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.